விரைவுப் பெரும்போர்க்கப்பல்கள் – ஓர் ஒப்புநோக்கு

இரண்டாம் உலகப் போரிற் பங்குகொண்ட பெரும்போர்க்கப்பல்களைப் பற்றி எழுதுவோரும் உரையாடுவோரும் பெரும்பாலும் ஒரு வினாவையே எழுப்புவர். அவற்றுள் எது சிறந்தது என்பதே அவ்வினா. இதற்கு விடை காண்போர், பீரங்கி வாயின் விட்டம், கவசத்தின் தடிப்பு, கப்பலின் வேகம் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் நிரைப்படுத்தி, முதலிடம் இதற்கு, இரண்டாமிடம் அதற்கு எனத் தீர்ப்புக் கூறிவிடுவர். பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டி மாணவரை வரிசைப்படுத்துவது போன்ற இம்முறை எளிதானது; ஆயினும் உண்மையை முற்றாக உணர்த்த வல்லதன்று. ஒவ்வொரு கப்பலும் ஒரு குறிப்பிட்ட கடலில், ஒரு குறிப்பிட்ட பகைவனை எதிர்நோக்கி, ஒரு குறிப்பிட்ட நிறையெல்லைக்குள் அமைக்கப்பட்டது. ஆதலின் எது சிறந்தது என வினவுமுன், எதற்குச் சிறந்தது என வினவுதல் வேண்டும். இந்நோக்குடன் அக்காலத்து விரைவுக் கப்பல்கள் சிலவற்றின் அமைப்பையும், போர்க்களத்தில் அவை பெற்ற பேறுகளையும் ஈண்டு ஆராய்வாம்.

விரைவுக் கப்பலின் தோற்றம்

முதலாம் உலகப் போர்க் காலத்திற் பெருங்கப்பல்கள் இருவகைப்பட்டன. தடித்த கவசமும் பெரும் பீரங்கிகளும் உடையனவாய், மணிக்கு ஏறத்தாழ 21 கடல்மைல் வேகத்திற் செல்வன ஒருவகை. அதே பருமனுள்ள பீரங்கிகளைத் தாங்கி, கவசத்தைக் குறைத்து, அதனாற் பெற்ற நிறையைப் பொறிகளுக்கு அளித்து விரைந்து செல்வன மற்றொரு வகை. பின்னவை போர்க் குரூசர்கள் எனப்பட்டன. 1916 மே 31ஆம் நாள் யட்லாந்துக் கடற்போரிற் பிரித்தானியப் போர்க் குரூசர்கள் மூன்று வெடித்து மூழ்கின. அவற்றின் காப்பு எத்துணை மெலிந்தது என்பது அன்று புலனாயிற்று.

பின்வந்த இருபது ஆண்டுகளிற் கொதிகலன்களும் நீராவிச் சுழலிகளும் பெரிதும் திருந்தின. குறைந்த நிறையில் மிகுந்த வலுவைப் பெறுதல் இயல்வதாயிற்று. அதன் பயனாக, முழுக் கவசமும் பெரும் பீரங்கிகளும் கொண்டிருந்தும் 27 கடல்மைலுக்குக் குறையாத வேகத்திற் செல்லக்கூடிய புதிய இனம் 1930ஆம் ஆண்டுகளில் உருவாயிற்று. இதனையே விரைவுப் பெரும்போர்க்கப்பல் என்கின்றோம்.

நிறை என்னும் வரம்பு

மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமனான நீரை இடம்பெயர்க்கும் என்னும் ஆக்கிமிடீசின் தத்துவத்தை மாணவர் அறிவர். கப்பலமைப்போனுக்கு இத்தத்துவமே வரவுசெலவுக் கணக்காகும். இத்தனை தொன் என்று ஓர் எல்லை விதிக்கப்பட்டபின், பீரங்கிக்குக் கொடுத்ததைக் கவசத்திலிருந்தும், கவசத்துக்குக் கொடுத்ததைப் பொறியிலிருந்தும் எடுத்தல் வேண்டும். மூன்றையும் ஒருங்கே மிகுதியாகக் கொடுக்க எவராலும் இயலாது.

இம்மூன்றனுள் வேகமே மிகப் பெரிய விலை கேட்பது. கப்பலைச் செலுத்தத் தேவையான வலு, ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு விகிதசமமாக வளர்கின்றது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அமெரிக்கத் 'தென் டகோட்டா' வகைக் கப்பலுக்கு 27 கடல்மைல் வேகத்தைப் பெற 1,30,000 பரிவலு வேண்டியிருந்தது. அதனையடுத்து வந்த 'அயோவா' வகையின் வேகம் 33 கடல்மைல். இவ்விரு வேகங்களின் விகிதம் 1.22, அதன் மும்மடி 1.83. இக்கணக்கின்படி 2,37,000 பரிவலு வரையிற் தேவைப்படும். உண்மையில் 'அயோவா' பெற்ற வலு 2,12,000. நீண்ட கப்பல் அலையெழுப்புவதில் இழக்கும் வலு குறைவு. 'தென் டகோட்டா'வின் 680 அடி நீளம் 'அயோவா'வில் 887 அடியாகியமையே இவ்வேறுபாட்டுக்கு முதன்மையான காரணமாகும்.

ஆயின் நீண்ட கப்பலுக்கு நீண்ட கவசம் வேண்டும். பெரும் பொறிகளுக்குப் பெரிய அறைகள் வேண்டும். ஆகவே நியம நிறை 35,000 தொன்னிலிருந்து 45,000 தொன்னாக உயர்ந்தது. இரு வகைகளிலும் பதினாறு அங்குலப் பீரங்கிகள் ஒன்பதே. 'அயோவா'வின் பீரங்கிகள் சற்று நீண்டவை. கவசமோ ஏறத்தாழ ஒன்றே. எனவே ஆறு கடல்மைல் மேலதிக வேகத்துக்கு ஏறத்தாழப் பதினாயிரம் தொன் விலையாகக் கொடுக்கப்பட்டது எனலாம். வேகத்தின் அருமையை உணர்த்த இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உடன்படிக்கைகளும் அவற்றின் விளைவும்

நிறையெல்லையை விதித்தவை உடன்படிக்கைகளே. 1922இல் வாஷிங்டனில் ஐந்து வல்லரசுகள் ஒப்பமிட்ட கடற்படை உடன்படிக்கை, ஒரு கப்பலுக்கு 35,000 தொன் நியம நிறையையும், 16 அங்குலப் பீரங்கியையும் உச்சவரம்பாக்கியது. 1936இற் செய்யப்பட்ட இரண்டாம் இலண்டன் உடன்படிக்கை, பீரங்கி வரம்பை 14 அங்குலமாகக் குறைத்தது. யப்பானேனும் இத்தாலியேனும் குறித்த காலத்துள் இதற்கு இணங்காவிடின் 16 அங்குலத்துக்கு மீளலாம் என ஒரு விதியும் அதிற் சேர்க்கப்பட்டது. யப்பான் இணங்கவில்லை.

பீரங்கிகளையும் அவற்றைத் தாங்கும் கோபுரங்களையும் ஆக்குவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். போர் நெருங்குவதைக் கண்ட பிரித்தானியா காத்திராது 14 அங்குலப் பீரங்கியையே தெரிந்தது. அமெரிக்கா காத்திருந்து 16 அங்குலத்துக்கு மாறியது. யேர்மனி 35,000 தொன் எனக் கூறிக்கொண்டு 41,000 தொன்னுக்கு மேற்பட்ட 'பிஸ்மார்க்'கை அமைத்தது. இத்தாலியின் 'லித்தோரியோ' வகையும் நாற்பதினாயிரம் தொன்னைக் கடந்தது. யப்பானோ எல்லா வரம்புகளையும் துறந்து, 64,000 தொன் வரையிலான 'யமாட்டோ'வை மறைவாக உருவாக்கியது. ஆகவே இக்கப்பல்களை ஒரே தட்டில் நிறுப்போர், சட்டத்துக்கு அடங்கியவனையும் அடங்காதவனையும் ஒரே போட்டியில் ஓடவிட்டு வெற்றி தோல்வி கூறுவோரை ஒப்பர்.

அமைப்பு வேறுபாடுகள்

பிரித்தானியாவின் 'ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர்' வகையில் ஐந்து கப்பல்கள் அமைந்தன. முதலிற் பன்னிரண்டு பீரங்கிகள் திட்டமிடப்பட்டன. பின்னர் காப்பை மிகுவித்தற்காக இரண்டு நீக்கப்பட்டன. அதனால் நான்கு பீரங்கிகள் கொண்ட கோபுரங்கள் இரண்டும், இரண்டு பீரங்கிகள் கொண்ட கோபுரம் ஒன்றும் என்ற விசித்திர அமைப்பு உண்டாயிற்று. வெடிமருந்தறைகளின் பக்கக் கவசம் 15 அங்குலத் தடிப்புடையது. பெரிய பீரங்கியைத் துறந்தமைக்குக் கிடைத்த கைம்மாறு இக்கவசமே. வேகம் 28 கடல்மைல். குறைகளும் இல்லாமல் இல்லை. நாற்பீரங்கிக் கோபுரங்களின் பொறிமுறை சிக்கலானது, அடிக்கடி தடைப்பட்டது. முன்னோக்கி நேரே சுடவேண்டும் என்ற நிபந்தனையால் அணியம் தாழ்வாக அமைந்து, கொந்தளிக்கும் கடலில் அலைநீர் மேற்றளத்தின்மீது பாய்ந்தது.

யேர்மனியின் 'பிஸ்மார்க்' 15 அங்குலப் பீரங்கிகள் எட்டினை நான்கு கோபுரங்களிற் கொண்டது. வேகம் 30 கடல்மைல். அகன்ற உடலும் பல நுண்ணறைகளும் அதனை எளிதில் மூழ்காத கப்பலாக்கின. ஆனால் அதன் முதன்மைக் கவசத் தளம் தாழ்வாக அமைந்தமையால், மேலுள்ள பகுதிகள் காப்புக் குன்றியிருந்தன. மிதக்கும் ஆற்றல் வேறு, போரிடும் ஆற்றல் வேறு என்பதை இக்கப்பலின் முடிவு காட்டிற்று.

பிரான்சின் 'றிஷலியே' எட்டுப் பீரங்கிகளையும் இரண்டு கோபுரங்களில், முன்புறத்திலேயே வைத்திருந்தது. காக்கப்படவேண்டிய நீளம் இதனாற் குறைந்தது. மிஞ்சிய நிறையால் நல்ல கவசமும் 30 கடல்மைலைக் கடந்த வேகமும் கிடைத்தன. ஒரே அடியிற் பாதிப் பலம் அழியலாம் என்ற இடரைக் குறைக்க, ஒவ்வொரு கோபுரத்தின் உள்ளும் தடுப்புச் சுவர் இட்டு, கோபுரங்களுக்கிடையே நீண்ட வெளியும் விடப்பட்டது. இக்கப்பல் 1944 ஏப்பிரலில் திருகோணமலைக்கு வந்து பிரித்தானியக் கீழைக் கடற்படையுடன் சேர்ந்து, சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் மீதான தாக்குதலிற் பங்குகொண்டது. இத்தாலியின் 'லித்தோரியோ' வகை அழகும் வேகமும் வாய்ந்தது. 15 அங்குலப் பீரங்கிகள் ஒன்பது கொண்டது. மத்தியதரைக் கடலுக்கென அமைக்கப்பட்டதாதலின் நெடுந்தூரம் செல்லும் ஆற்றல் அதற்கு வேண்டப்படவில்லை. அதனைக் குறையெனக் கூறுதல் பொருந்தாது.

அமெரிக்கரின் 'வட கரோலினா' வகை 14 அங்குலப் பீரங்கிகளுக்கெனத் திட்டமிடப்பட்டு, இடையில் 16 அங்குலத்துக்கு மாற்றப்பட்டது. ஆனால் கவசம் 14 அங்குலக் குண்டைத் தாங்கும் அளவிலேயே நின்றது. இக்குறையை நீக்கவே 'தென் டகோட்டா' வகை எழுந்தது. கப்பலின் நீளத்தைக் குறுக்கி, பக்கக் கவசத்தைச் சாய்வாக உட்புறத்தில் அமைத்து, 16 அங்குலக் குண்டையும் தாங்கும் காப்பை அமெரிக்கர் பெற்றனர். இதற்கு ஈடாக மாலுமிகள் நெருக்கமான இடத்தில் வாழ நேர்ந்தது. 35,000 தொன் என்ற வரம்பையொட்டி அமைந்த கப்பல்களுள் இதுவே மிகச் சீராகச் சமன்செய்யப்பட்டது என்பது என் துணிபு.

'யமாட்டோ' இவை அனைத்திலும் பெரியது. அதன் பீரங்கிகள் 46 சதம மீற்றர், அதாவது 18.1 அங்குலம், ஒரு குண்டின் நிறை 1,460 கிலோகிராம். பனாமாக் கால்வாயின் மடைகள் 110 அடி அகலமே உடையனவாதலின் அமெரிக்கர் இத்துணைப் பெரிய கப்பலை எளிதிற் கட்டமாட்டார் என யப்பானியர் கருதினர். எண்ணிக்கையில் வெல்ல இயலாதவர் ஒவ்வொன்றின் ஆற்றலாலும் வெல்ல முனைந்தனர். எனினும் அதன் வேகம் 27 கடல்மைலே.

போர்க்களம் கூறிய தீர்ப்பு

1941 மே 24ஆம் நாள் டென்மார்க் நீரிணையில் 'பிஸ்மார்க்'கின் குண்டுபட்டுப் பழைய 'ஹூட்' வெடித்தது. அதிலிருந்த 1,418 பேரில் மூவரே பிழைத்தனர். உடன் நின்ற 'பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்' 'ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர்' வகையின் இரண்டாவது கப்பல். அதன் கோபுரங்கள் இன்னும் முற்றாகச் சீர்செய்யப்படவில்லை. கப்பல் கட்டியோரின் தொழிலாளரும் அதில் இருந்தனர். பீரங்கிகள் இடையிடையே தடைப்பட, அது பின்வாங்கிற்று. ஆயினும் அதன் குண்டுகள் மூன்று 'பிஸ்மார்க்'கைத் தாக்கின. அவற்றுள் ஒன்று அணியத்தைத் துளைத்தமையால், அங்கிருந்த எரிபொருள் பயன்படாது போயிற்று. யேர்மனியத் தளபதி அத்திலாந்திக்குப் பயணத்தைக் கைவிட்டுப் பிரான்சை நோக்கித் திரும்பினார். அட்டவணையில் இடம்பெறாத ஓர் எரிபொருட்கலம் முழுத் திட்டத்தையும் மாற்றிவிட்டது.

மே 26ஆம் நாள் மாலை, 'ஆர்க் றோயல்' என்னும் விமானந்தாங்கியிலிருந்து எழுந்த பழைய இருசிறை விமானமொன்றின் டோப்பிடோ 'பிஸ்மார்க்'கின் பிற்புறத்தைத் தாக்கிச் சுக்கானை இறுகச் செய்தது. முப்பது கடல்மைல் வேகம் அக்கணமே பயனற்றதாயிற்று. மறுநாட் காலை 'ஐந்தாம் ஜோர்ஜ் மன்ன'ரும், 23 கடல்மைல் வேகமே உடைய 'றொட்னி'யும் அதனை நெருங்கின. ஒரு மணி நேரம் செல்லுமுன் அதன் பெரும் பீரங்கிகள் அனைத்தும் ஓய்ந்தன. கப்பலோ மேலும் நெடுநேரம் மிதந்தது. 2,200க்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 115 பேரே மீட்கப்பட்டனர்.

அதே ஆண்டின் இறுதியில் 'பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்' கீழைத்தேசத்துக்கு அனுப்பப்பட்டது. நவம்பர் இறுதியிற் கொழும்பை அடைந்து, பின் சிங்கப்பூர் சென்றது. திசெம்பர் 10ஆம் நாள், விமானக் காப்பின்றி மலாயாவின் கிழக்குக் கரைக்கப்பால் 'றிப்பல்ஸ்' என்னும் போர்க் குரூசருடன் சென்றபோது, யப்பானியக் கடற்படை விமானங்கள் அவ்விரண்டையும் தாக்கின. ஒரு டோப்பிடோ இடப்புற வெளி உந்துவிசிறித் தண்டின் அருகே வெடித்தது. வளைந்த தண்டு தொடர்ந்து சுழன்றமையால் நீர்த்தடுப்புகள் கிழிந்து, கடல்நீர் உள்ளே பெருகிற்று. மின்சாரம் அற்றது, நீரிறைக்கும் பம்பிகளும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பலவும் செயலிழந்தன. இரு கப்பல்களிலும் 840 பேர் மாண்டனர். பதினைந்து அங்குலக் கவசத்தை எக்குண்டும் துளைக்கவில்லை. துளைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஆயின் இதே வகைக் கப்பல் 1943 திசெம்பர் 26ஆம் நாள் நோர்வேயின் வடமுனைக்கப்பால் தன் தகுதியை நிலைநாட்டியது. ஆர்க்டிக்குக் குளிர்கால இருளில் 'டியூக் ஒவ் யோர்க்', யேர்மனியின் 'ஷார்ண்ஹோர்ஸ்ற்'றை றேடாரின் துணையாற் கண்டு சுட்டது. 'ஷார்ண்ஹோர்ஸ்ற்' வேகம் மிக்கது. இடைவெளியைப் பெருக்கித் தப்பிக்கொண்டும் இருந்தது. அவ்வேளை ஒரு 14 அங்குலக் குண்டு அதன் கொதிகலன் அறையைத் தாக்கிற்று. வேகம் குன்றவே, நாசகாரிக் கப்பல்கள் நெருங்கி டோப்பிடோக்களைச் செலுத்தின. 1,968 பேரில் 36 பேர் பிழைத்தனர். விரைவு குறைந்த கப்பல் விரைவு மிக்கதைப் பிடித்தமைக்குக் காரணம் இருளிற் காணும் கண்ணே.

பசிபிக்குச் சமுத்திரத்திலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. 1942 நவம்பர் 14ஆம் நாள் இரவு, குவாடல்கனால் தீவருகே 'தென் டகோட்டா'வும், 'வட கரோலினா' வகையின் 'வாஷிங்ட'னும் யப்பானியரை எதிர்த்தன. அட்டவணைப்படி 'தென் டகோட்டா'வே காப்பிற் சிறந்தது. ஆனால் போரின் நடுவே அதன் மின்சாரம் தடைப்பட்டது. றேடாரும் தொடர்புகளும் அற்று, பகைவரின் ஒளிக்கற்றைகளில் அகப்பட்டு, இருபதுக்கு மேற்பட்ட குண்டுகளை ஏற்றது. காப்புக் குறைந்த 'வாஷிங்டன்', றேடாரிற் பயிற்சி மிக்க அட்மிரல் வில்லிஸ் லீயின் தலைமையில், பகைவர் அறியாவண்ணம் 8,400 யார் தூரத்திலிருந்து சுட்டுச் சில நிமிடங்களில் 'கிரிஷிமா'வைச் செயலிழக்கச் செய்தது.

'யமாட்டோ'வின் கதை சுருக்கமானது. எதிரிப் பெருங்கப்பல் எதனையும் அது தன் பீரங்கிகளால் எதிர்கொண்டதில்லை. அதன் இணைக்கப்பலான 'முசாஷி' 1944 ஒக்ரோபர் 24ஆம் நாளிலும், 'யமாட்டோ' 1945 ஏப்பிரல் 7ஆம் நாளிலும் அமெரிக்க விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. ஒக்கினாவாவை நோக்கிய அவ்விறுதிப் பயணத்தில் 'யமாட்டோ'வுடன் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர்.

வேகத்தின் உண்மைப் பயன்

அங்ஙனமாயின் பதினாயிரம் தொன் கொடுத்து வாங்கிய 'அயோவா'வின் வேகம் வீணோ? இல்லை. கப்பலோடு கப்பல் பொரும் காலம் அருகி, விமானந்தாங்கிகள் கடற்போரின் நடுவிடத்தைப் பெற்றன. முப்பது கடல்மைலைக் கடந்து செல்லும் அவற்றுடன் தடையின்றி ஓடி, நூற்றுக்கணக்கான சிறு பீரங்கிகளால் வான்தாக்குதலைத் தடுக்க வல்ல காவலன் வேண்டியிருந்தது. 'அயோவா' வகை அப்பணிக்கு மிகப் பொருந்திற்று. வேறு நோக்கத்துக்காகப் பெற்ற வேகம் காலத்தின் மாற்றத்தால் எதிர்பாராத பயனளித்தது.

எனினும் வேகம் விவேகத்துக்கு ஈடாகாது. 1944 ஒக்ரோபர் 25ஆம் நாள் லெய்ட்டேக் கடற்போரில் அட்மிரல் ஹோல்சி, 'அயோவா', 'நியூ ஜேர்சி' உள்ளிட்ட விரைவுக் கப்பல்களை வடக்கே யப்பானிய விமானந்தாங்கிகளை நோக்கி ஓட்டிச் சென்றார். அவ்வேளை சான் பேர்னாடினோ நீரிணை காவலற்றுக் கிடந்தது. அதன் வழியே 'யமாட்டோ' உள்ளிட்ட பெரும்படை வெளிப்பட்டு, சாமார்த் தீவருகே சிறு விமானந்தாங்கிகளைத் தாக்கிற்று. விரைவுக் கப்பல்கள் திரும்பி ஓடிவந்தும் உரிய நேரத்தை அடையவில்லை. வடக்கிலும் தெற்கிலும் அவை பெருங்கப்பல் எதனோடும் பொருதாமலே அந்நாள் கழிந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றை நோக்கின், நிறையெல்லையின்றிப் பார்க்குமிடத்து 'அயோவா'வும், எல்லைக்குட் பார்க்குமிடத்துத் 'தென் டகோட்டா'வும் அமைப்பிற் சிறந்தன எனலாம். 'ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர்' வகை இவற்றுக்குத் தாழ்ந்ததாயினும், வேண்டிய காலத்தில் வேண்டிய கடலில் நின்றது. ஒரு நாட்டின் உயிர்நிலை ஊசலாடும் வேளையில் இது சிறிய தகுதியன்று. 'யமாட்டோ' வலிமையிற் பெரிது, பயனிற் சிறிது. ஆனால் இத்தீர்ப்புக்கு அடிப்படையானவை பீரங்கியும் கவசமும் வேகமும் மட்டுமல்ல. சுக்கானும், தண்டும், மின்சார இணைப்பும், றேடாரும், அதனை இயக்கப் பழகிய மாலுமியுமே பல வேளைகளில் வெற்றியை நிருணயித்தன. வலிமையை அளப்போர் வலிய இடத்தை அளக்கின்றனர். போர் மெலிய இடத்தைத் தேடுகின்றது.

'அயோவா' வகையின் நான்கு கப்பல்களும் இன்று அமெரிக்காவில் நூதனசாலைகளாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றான 'மிசூரி'யின் மேற்றளத்திலேயே 1945 செப்தெம்பர் 2ஆம் நாள் யப்பானின் சரணடைவு ஒப்பமிடப்பட்டது. ஏனையவற்றுட் பல கடலடியிற் கிடக்கின்றன. இக்கட்டுரையிற் கூறிய 'ஹூட்', 'பிஸ்மார்க்', 'பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்', 'றிப்பல்ஸ்', 'ஷார்ண்ஹோர்ஸ்ற்', 'யமாட்டோ' ஆகிய ஆறு கப்பல்களோடு மாண்டவர் மட்டும் ஏறத்தாழ ஒன்பதினாயிரம் பேர். அவர்களுட் பலர் நம் மேல்வகுப்பு மாணவரினும் சில ஆண்டுகளே மூத்தவர். எது சிறந்த கப்பல் என அட்டவணையை விரித்து வாதிடும் இளைஞர், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இவர்கள் நிற்பதை நினைவிற் கொள்வாராக. ஓர் அமைப்பாளன் கணக்கில் விட்ட சிறு பிழையும், ஒரு தளபதி காவல் வைக்க மறந்த ஒரு நீரிணையும் எத்துணை உயிர்களின் விலை பெறும் என்பதை அப்பொழுதே அவர் முற்றாக உணர்வர்.